கேள்வி பதில்: எண்கள் சரிதான், படம் சரியா?

போன இதழில் வரைபடங்கள் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

டிவியில் ஒரு பட்டை வரைபடம் காட்டினார்கள். ஒரு பட்டை இன்னொன்றைப் போல நாலைந்து மடங்கு உயரம். ஆனால் மேலே எழுதியிருந்த எண்களுக்கு இடையே அவ்வளவு வித்தியாசம் இல்லை. எண்கள் சரியாக இருக்கும்போது படத்தை எப்படித் தவறு என்று சொல்வது?
– வங்கி ஊழியர், மதுரை

தாராளமாகச் சொல்லலாம். பட்டை வரைபடத்தில் கண் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான், எண்ணைப் படிப்பதெல்லாம் அப்புறம். அதனால் உயரங்களின் விகிதமும் எண்களின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2012இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி காட்டிய ஒரு படம் இதற்குப் பேர்போன உதாரணம். புஷ் காலத்து வரிச் சலுகை முடிந்துவிட்டால் உச்சபட்ச வருமான வரி 35 சதவீதத்திலிருந்து 39.6 சதவீதமாக உயரும் என்பதுதான் செய்தி. எண்களில் பிழை இல்லை. ஆனால் செங்குத்து அச்சை 34இல் தொடங்கிவிட்டார்கள். அப்படியானால் முதல் பட்டையின் உயரம் 1, இரண்டாவதன் உயரம் 5.6. உண்மையில் கூடுவது எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல், திரையில் தெரிவதோ ஐந்தரை மடங்கு. சோபாவில் உட்கார்ந்து மூன்று விநாடி பார்ப்பவர் மனதில் தங்குவது அந்த ஐந்தரை மடங்குதான்.

பட்டை என்றால் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அச்சில் எண்களே போடாமல் பட்டையை மட்டும் காட்டினால் இன்னும் மோசம், சரிபார்க்கக்கூட வழியில்லை. அடுத்த முறை இப்படி ஒன்று கண்ணில் பட்டால் பட்டைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் எண்களை மட்டும் படியுங்கள், பிறகு கையை எடுங்கள். இரண்டும் வேறு வேறு கதை சொன்னால் எண்களை நம்புங்கள்.

அப்படியானால் எல்லா வரைபடமும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டுமா?
– பொறியியல் மாணவி, கோவை

இல்லை, அந்த விதி பட்டைக்கு மட்டும்தான். கோட்டு வரைபடத்தில் நாம் உயரத்தை அளப்பதில்லை, ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறோம். காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் 98.6 டிகிரிக்கும் 103 டிகிரிக்கும் வித்தியாசமே தெரியாது, டாக்டர் படத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

இந்த விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தியும் ஏமாற்றலாம். 2015 டிசம்பரில் நேஷனல் ரிவ்யூ என்ற அமெரிக்கப் பத்திரிகை, பருவநிலை மாற்றம் பற்றி நீங்கள் பார்க்க வேண்டிய ஒரே படம் இதுதான் என்று ஒன்றை ட்விட்டரில் போட்டது. 1880 முதல் பூமியின் சராசரி வெப்பம். செங்குத்து அச்சு மைனஸ் 10இலிருந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. அவ்வளவு பெரிய அச்சில் கோடு தரையில் போட்ட கயிறு மாதிரி நேராகப் படுத்துக்கொண்டது, ஒன்றுமே நடக்கவில்லை என்கிற மாதிரி. ஆனால் பூமியின் சராசரி வெப்பத்தில் ஒரு டிகிரி என்பதே பெரிய விஷயம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ்தான், அந்த ஐந்தாறு டிகிரியில்தான் வட அமெரிக்காவின் பாதி பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. ஆகவே அச்சின் அளவை முடிவு செய்ய, அந்தத் துறையில் எவ்வளவு மாற்றம் பெரிய மாற்றம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது வரையும் மென்பொருளுக்குத் தெரியாது, வரைகிற ஆளுக்குத்தான் தெரிய வேண்டும்.

மேட்டூர் அணை நீர்மட்டம் 100 அடியைத் தாண்டிவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு படமும் போடுகிறார்கள். முழு உயரம் 120 அடி. அப்படியானால் ஆறில் ஐந்து பங்கு தண்ணீர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– விவசாயி, கும்பகோணம்

எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. அணை செவ்வகத் தொட்டி இல்லை. அடியில் குறுகலான பள்ளத்தாக்கு, மேலே போகப் போக நீர் பரந்து விரியும். அதனால் அடிமட்டத்தில் ஒரு அடி உயர்ந்தால் சேரும் தண்ணீர் கொஞ்சம், 110க்கு மேல் ஒரு அடி உயர்ந்தால் சேருவது ஏராளம். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நீர்மட்டம் 100 அடியில் இருக்கும்போது இருப்பு சுமார் 65 டி.எம்.சி. அதாவது உயரக் கணக்கில் 83 சதவீதம், தண்ணீர்க் கணக்கில் 70 சதவீதம்தான். மீதி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சிக்கு மேல் அடங்குகிறது.

இது சின்ன வித்தியாசமா என்றால், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், இல்லை. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் திறந்தால் ஒரு நாளில் 1 டி.எம்.சி. காலி. அப்படிப் பார்த்தால் அந்த மேல் 20 அடி என்பது ஏறக்குறைய நாலு வாரத் தண்ணீர். ஜூன் 12இல் திறப்பார்களா மாட்டார்களா, குறுவைக்கு நாற்றங்கால் விடலாமா வேண்டாமா என்று கணக்குப் போடுகிறவருக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை.

இதில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது என்னவென்றால், அடிக் கணக்கில் போட்ட அந்தப் படத்தில் விதிப்படி பிழையே இல்லாமல் இருக்கலாம். அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கியிருக்கும், எண்கள் நீர்வளத்துறை கொடுத்ததாக இருக்கும், எல்லாம் ஒழுங்கு. ஆனாலும் படிப்பவர் மனதில் தவறான எண்ணம் விழுகிறது, ஏனென்றால் அவர் கேட்கிற கேள்வி "எவ்வளவு தண்ணீர்", படம் பதில் சொல்கிற கேள்வி "எவ்வளவு உயரம்". பத்திரிகைகளுக்கு என் வேண்டுகோள்: டி.எம்.சி. அளவை வரையுங்கள், பக்கத்திலேயே போன வருஷம் இதே தேதியில் எவ்வளவு இருந்தது என்பதையும் போடுங்கள். அடிக் கணக்கைச் செய்தியில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரே படத்தில் இரண்டு கோடுகள், இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் வேறு அளவு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஏதோ திருப்புமுனை நடந்தது போல எழுதுகிறார்கள். அந்தப் புள்ளிக்கு அர்த்தம் உண்டா?
– போட்டித் தேர்வு மாணவர், திருச்சி

பெரும்பாலும் கிடையாது. இரண்டு அச்சு இருந்தால் வரைகிறவர் எந்தக் கோட்டையும் ஏற்றலாம், இறக்கலாம், வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தன் இஷ்டத்துக்கு நகர்த்தலாம்.

2015 செப்டம்பர் 29 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை ஒன்றில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். பிளான்ட் பேரன்ட்ஹுட் என்ற குடும்பநல அமைப்பின் தலைவரிடம், குழுத் தலைவர் ஜேசன் சாஃபெட்ஸ் ஒரு படத்தைக் காட்டினார். கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பு ஒன்று தயாரித்த படம் அது. புற்றுநோய்ப் பரிசோதனைகள் 2006இல் 20,07,371, 2013இல் 9,35,573 என்று ஒரு அம்பு கீழே இறங்கியது. கருக்கலைப்புகள் 2,89,750இலிருந்து 3,27,000 என்று இன்னொரு அம்பு மேலே ஏறியது. இரண்டும் நடுவில் வெட்டிக்கொண்டன. கடைசியில் 3,27,000 மேலே நிற்கிறது, 9,35,573 கீழே கிடக்கிறது! அச்சு என்று எதுவுமே இல்லை. ஒரே அளவில் வரைந்தால் அந்தக் கோடுகள் எந்த வருஷத்திலும் சந்திக்கவே சந்திக்காது.

அந்த எண்களை நேர்மையாகக் காட்ட வழி இருக்கிறது. 2006ஐ 100 என்று வைத்துக்கொண்டால் 2013இல் பரிசோதனை 47க்கு வந்திருக்கிறது, கருக்கலைப்பு 113க்குப் போயிருக்கிறது. பரிசோதனை பாதிக்கும் கீழே இறங்கியது உண்மையிலேயே பெரிய செய்தி, அதைச் சொல்வதற்கு எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை. அலகே வேறு வேறு என்றால், மழை மில்லிமீட்டரிலும் விளைச்சல் டன்னிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு படங்களை ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டு வருஷங்களை நேராக வைத்துவிட்டால் போதும்.

மாணவர்களுக்குப் பை சார்ட் என்றால் கொள்ளை ஆசை. புராஜெக்ட் என்றால் 3டியில், சாய்த்து, நிழல் எல்லாம் வைத்துக் கொண்டுவருகிறார்கள். ஊக்குவிக்கலாமா?
– பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

ஆசையை ஊக்குவியுங்கள், 3டியை நிறுத்துங்கள். சாய்த்துப் போட்ட வட்டத்தில் நமக்கு அருகே வரும் துண்டு பெரிதாகவும், பின்னால் இருக்கும் துண்டு சிறிதாகவும் தெரியும், போதாக்குறைக்கு முன்துண்டுக்குப் பக்கவாட்டுத் தடிமனும் சேர்ந்துகொள்ளும். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய ஸ்மார்ட்போன் சந்தைப் படத்தைப் பிள்ளைகளுக்குத் தேடிக் காட்டுங்கள். ஆப்பிளின் பங்கு 19.5 சதவீதம், "மற்றவை" 21.2 சதவீதம். ஆனால் ஆப்பிள் துண்டு முன்னால் இருப்பதால் அதுதான் பெரிதாகத் தெரியும். ஒரு ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், பாடம் நடத்தவே வேண்டியதில்லை.

வட்டத்தில் இன்னொரு விஷயம், எல்லாத் துண்டும் சேர்ந்து 100 வர வேண்டும். 2009இல் ஃபாக்ஸின் சிகாகோ நிலையம், அடுத்த அதிபர் தேர்தலுக்கு எந்த வேட்பாளருக்கு ஆதரவு என்று 70, 63, 60 சதவீதம் என மூன்று துண்டு போட்டது. கூட்டினால் 193. ஒருவரே பல பேரை ஆதரிக்கலாம் என்கிற கருத்துக் கணிப்பு அது, வட்டத்துக்கே பொருந்தாத தகவல்.

1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் சோதனை செய்து பார்த்ததில், ஒரே அளவுகோலில் இருக்கும் நிலையை மனிதர்கள் கோணத்தைவிடத் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. வட்டத்தில் நாம் பார்ப்பது கோணம், பட்டையில் பார்ப்பது நிலை. இரண்டு மூன்று துண்டு, அதுவும் பாதி, கால் என்று தெளிவாகப் பிரிந்தால் வட்டம் போடட்டும். ஏழெட்டு துண்டு வந்துவிட்டால் பட்டைதான்.

நெல் கொள்முதல் இரு மடங்கானது என்று காட்ட, சின்ன மூட்டை ஒன்றும் இரண்டு மடங்கு உயரத்தில் பெரிய மூட்டை ஒன்றும் போட்டிருந்தார்கள். ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.
– ஓய்வுபெற்ற தாசில்தார், நாகப்பட்டினம்

உயரம் இரு மடங்கானபோது அகலமும் கூடவே இரு மடங்காகிவிட்டது, அதுதான் உறுத்தல். பரப்பு நாலு மடங்கு. மூட்டை என்பதால் மனம் அதன் கனத்தையும் சேர்த்து நினைக்கும், அப்போது எட்டு மடங்கு. ஒரே அளவு மூட்டையை ஒன்று, இரண்டு என்று அடுக்கிக் காட்டினால் தீர்ந்தது.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதே சிக்கலைச் சந்தித்தவர். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் காயத்தால் இறந்ததைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்ததே மிக அதிகம் என்று காட்ட அவர் வட்ட வடிவில் படம் வரைந்தார். முதலில் மையத்திலிருந்து தூரத்தை எண்ணிக்கைக்கு ஏற்ப வைத்தார். அதில் பெரிய எண் பார்வைக்கு இன்னும் பெரிதாகிவிடுகிறது என்று தெரிந்ததும், 1858இல் வெளியான புகழ்பெற்ற படத்தில் பரப்பளவே எண்ணிக்கையைக் காட்டும்படி மாற்றினார். மிகைப்படுத்தினால் அவருடைய வாதத்துக்கே லாபம், இருந்தும் மாற்றினார். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதைக்கு அது ஒரு பெரிய காரணம்.

இதையெல்லாம் வேண்டுமென்றேதான் செய்கிறார்களா?
– குடும்பத் தலைவி, சேலம்

சில சமயம் ஆமாம், பல சமயம் கவனக்குறைவு. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில சுகாதாரத் துறை கொரோனா பாதிப்பை மாவட்டவாரியாகப் பட்டைகளில் போட்டது, அழகாகப் படிப்படியாக இறங்கும் பட்டைகள். கீழே தேதியைப் படித்தால் ஏப்ரல் 28, ஏப்ரல் 27, ஏப்ரல் 29, மே 1, ஏப்ரல் 30 என்று போகிறது! பட்டைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டார்கள், காலம் முன்னும் பின்னும் குதிக்கிறது. எதிர்ப்பு கிளம்பியதும் படத்தை மாற்றி மன்னிப்பும் கேட்டார்கள். நோக்கம் என்ன என்று நான் ஆராயப் போவதில்லை. கடை திறக்கலாமா, வெளியே போகலாமா என்று மக்கள் முடிவெடுத்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை, படம் பார்த்தவருக்கு விளைவு ஒன்றுதான்.

"பிரச்சினை வந்த கேஸ்களை மட்டும் படத்தில் போடு, மற்றது எதற்கு, பார்ப்பவர்களுக்குக் குழப்பம்" என்கிறார் என் மேலாளர். அவர் சொல்வது சரியா?
– தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர், ஓசூர்

இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். ஃபுளோரிடாவில் கடும் குளிர். பக்கவாட்டு ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனப் பொறியாளர்களுக்குப் பயம், ராக்கெட் துண்டுகளின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், சூடான வாயுவைத் தடுக்காது என்று. 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகளுக்குத் தொலைபேசி வழியாக அட்டவணைகளையும் படங்களையும் அனுப்பி வாதாடினார்கள். ஆனால் பேச்சு முழுக்க வளையத்தில் சேதம் கண்ட பயணங்களைச் சுற்றியே போனது. 53 டிகிரியில் சேதம் இருந்தது, சரி, 75 டிகிரியிலும்தான் சேதம் இருந்தது, அப்புறம் குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அந்தப் படங்களில் பதில் இல்லை.

பதில், சேதமே ஆகாத பயணங்களில் இருந்தது. பின்னால் ரோஜர்ஸ் விசாரணைக் குழு எல்லாப் பயணங்களையும் ஒரே படத்தில் புள்ளி வைத்துக் காட்டியது. சேதம் இல்லாத பயணங்கள் ஒன்று விடாமல் 66 டிகிரியிலோ அதற்கு மேலோ நடந்தவை. 65க்குக் கீழே நாலு பயணம், நாலிலும் சேதம். சேதமானவற்றை மட்டும் வைத்தால் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும் புள்ளிகள், மற்றவற்றையும் சேர்த்தவுடன் குழந்தைக்கும் புரிகிற படமாகிவிடுகிறது. சேலஞ்சர் கிளம்பியபோது காற்றின் வெப்பம் 36 டிகிரி, 73 விநாடியில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள்.

அந்தப் பொறியாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், அவர்களை மீறித்தான் முடிவெடுக்கப்பட்டது, அந்த முடிவுக்குக் காரணங்கள் பல. ஆனால் உங்கள் மேலாளரிடம் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். உங்கள் ஆலையில் பழுதான பாகங்கள் எந்த ஷிஃப்டில், எந்த வெப்பத்தில் வந்தன என்று பார்க்கிறீர்கள் என்றால், பழுதாகாத பாகங்கள் எந்த ஷிஃப்டில் வந்தன என்பது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. இரவு ஷிஃப்டில் முப்பது பழுது என்றால், இரவில் செய்தது முந்நூறா மூவாயிரமா?

நல்லது சிவப்பு, கெட்டது பச்சை என்று நிறம் மாற்றிப் போட்டால் தப்பா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

மாற்றிப் போட்டால் மட்டும் இல்லை, சிவப்பு பச்சை இரண்டையும் மட்டும் நம்பிப் போட்டாலே சிக்கல்தான், இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசம். நீலமும் ஆரஞ்சும் போடுங்கள், கோட்டின் முனையிலேயே பெயரையும் எழுதுங்கள். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் புரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லாரித் தண்ணீர்ச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. சங்கக் கூட்டத்தில் ஒரு படம் காட்டி, மீட்டர் வைக்கச் சம்மதம் வாங்க வேண்டும். எப்படிப் போடுவது?
– சங்கச் செயலாளர், சென்னை

செலவை ரூபாயில் மட்டும் காட்டாதீர்கள், லாரிக்காரர் விலை ஏற்றியதும் நீங்கள் அதிகம் செலவழித்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். மாதத்துக்கு எத்தனை லாரி என்று ஒரு படம், ஒரு லாரி என்ன விலை என்று அதன் கீழே இன்னொரு படம். குறைந்தது இரண்டு வருஷக் கணக்கு வேண்டும், ஏனென்றால் ஜனவரியிலிருந்து மே வரைக்கும் மட்டும் காட்டினால் எந்தக் குடியிருப்பிலும் கோடு மேலேதான் போகும், அது கோடைக்காலம். இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மொத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் கோடு போட வேண்டாம், அது இறங்கவே இறங்காது, கூட்டத்தில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கேட்டால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள். காலி வீடுகளில் ஆள் குடிவந்திருந்தால் லாரி எண்ணிக்கையை வீட்டுக் கணக்கில் வகுத்துப் போடுங்கள்.

தலைப்பில் "தண்ணீர்ச் செலவு வரைபடம்" என்று எழுதாமல், கண்டதை எழுதுங்கள்: "வீட்டுக்கு வீடு லாரித் தண்ணீர் போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறது" என்று, கணக்கு அப்படி வந்தால். முக்கால்வாசிப் பேர் வாட்ஸ்அப்பில் கைபேசியில்தான் பார்ப்பார்கள், அதனால் எழுத்தைப் பெரிதாக வைத்து, அனுப்புவதற்கு முன் உங்கள் கைபேசியில் திறந்து படித்துப் பாருங்கள். கணக்கு எடுத்த எக்செல் தாளையும் கூடவே அனுப்பிவிடுங்கள்.